இருபது மீட்டர், நாற்பது கோணம்

வழக்கை ஜெயித்துப் பத்திரிகையில் பேர் வந்த காலையிலாவது ஒரு மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பனித்சா தின்னக்கூடாதா என்று பெங்கோ கேட்டால், அது நியாயமான கேள்விதான். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிச் சுட்டது, சூடாக இருந்தது, கையெல்லாம் எண்ணெய். மேஜைமேல் உள்ளூர்ப் பத்திரிகை. இரண்டாம் பக்கத்தில், 'முன்னாள் கணக்கு டீச்சர் முக்கோணம் போட்டார், கொலைகாரன் சிக்கினான்' என்று கொட்டை எழுத்தில் செய்தி. கீழே செவ்தாவின் படம். பக்கத்திலேயே நின்ற பெங்கோவின் காது மட்டும் படத்துக்குள் வந்திருந்தது.

"டீச்சர், காது நல்லா விழுந்திருக்கு. வெட்டி எங்கம்மாவுக்கு அனுப்பப் போறேன். புள்ள பெரிய ஆளாயிட்டான்னு சந்தோஷப்படும்."

செவ்தா சிரிக்கவில்லை. அவள் எப்போதுமே சிரிப்பதில்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆட்சி மாறி, சம்பளம் ரொட்டிக்கே பற்றாமல் போன வருஷத்தில் வேலையை உதறித் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். பெங்கோ அதற்கு முன்னால் டவுன் பஸ் ஓட்டியவன். காரும் வாயும் அவனுடையவை, மூளை அவளுடையது. அப்படி ஒரு ஒப்பந்தம்.

கதவு திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், துண்டில் சுற்றிய பானை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நான் பெத்ரானா. ஹரலம்பியோட பொண்டாட்டி."

பெங்கோ பனித்சாவைக் கீழே வைத்துவிட்டான். பத்திரிகை சொன்ன கொலைகாரன் அந்த ஹரலம்பிதான்.

வழக்கு இவ்வளவுதான். செப்டம்பர் வந்துவிட்டால் பல்கேரியாவில் எந்த அடுக்குமாடி பிளாக் முற்றத்தைப் பார்த்தாலும் சிவப்புக் குடைமிளகாய் வாட்டுகிற புகை. இருபத்தேழாம் நம்பர் பிளாக்கில், தகரக் கொட்டகையின் கீழ் மிளகாய் வாட்டிக்கொண்டிருந்த பிளாக் நிர்வாகி மானோலை யாரோ மேலேயிருந்து சுட்டார்கள். இரண்டு குண்டு. இரண்டாவது அவன் உயிரைக் குடித்தது. குறி தப்பிய முதல் குண்டு கூரைத் தகரத்தைத் துளைத்து, கீழே மரமேஜையில் புதைந்தது. துப்பாக்கி, ஐந்தாம் மாடிக் கலினுடைய வேட்டைத் துப்பாக்கி. லிஃப்ட் மெஷின் அறையில் கிடந்தது. கலினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுடைய அக்கா ஸ்லதினா ஓடிவந்து, செவ்தாவின் காலில் விழாத குறையாக அழுதாள்.

செவ்தாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். போலீஸ் கூட்டிவந்த சர்வேயர், தகர ஓட்டைக்கும் மேஜைத் துளைக்கும் நூல் பிடித்து, கருவி வைத்துப் பார்த்து எழுதியது. மேஜையிலிருந்து சுவர் வரை 20.00 மீட்டர். நூலின் சாய்வு 40.00. அவ்வளவுதான், அவளுக்கு அது போதும். தரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம், குண்டு வந்த வழி சாய்ந்த பக்கம், சுவரடியில் செங்கோணம். ஒரு பக்கமும் ஒரு கோணமும் தெரிந்தால் மிச்சமெல்லாம் தானாக வந்து மடியில் விழும். நாற்பது டிகிரிக்கு டேஞ்சன்ட் 0.839. இருபதால் பெருக்கினால் 16.78 மீட்டர். பெங்கோ மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டு மேஜை மட்டம் வரைக்கும் அளந்து பார்த்தான். ஐந்தாம் மாடி ஜன்னலின் மேல் விளிம்பே 15.30-தான். ஆறாம் மாடி ஜன்னலின் கீழ் விளிம்பு 16.70. துப்பாக்கியை அதில் சாய்த்து வைத்தால் குழாய் நிற்கும் இடம் சரியாக எட்டு சென்டிமீட்டர் மேலே. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

ஆறாம் மாடியில் இருந்தவர் ஹரலம்பி. கலின் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது. மானோலோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. முந்தாநாள் கலின் வெளியே வந்தான், ஹரலம்பி உள்ளே போனார்.

"இன்னிக்கு ஒரு மணிக்கு அவரைப் பெரிய ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம்," என்றாள் பெத்ரானா. பானையை இறக்கி வைக்கவே இல்லை. "அந்தக் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா. எங்கயோ தப்பு இருக்கு."

"நாலு தடவை போட்டுட்டேன்," என்றாள் செவ்தா.

"அஞ்சாவது தடவை போடுங்க. சுட்ட நேரத்துல ஹரலம்பி வீட்லயே இல்ல. ஜாடி எடுக்க நிலவறைக்குப் போயிருந்தாரு. அந்த ஜன்னல்கிட்ட நான்தான் உக்காந்திருந்தேன், மிளகாய்த் தோல் உரிச்சுக்கிட்டு. என் ஜன்னல்லேர்ந்து யாரும் சுடல."

"வீட்ல வேற யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நான் ஒருத்திதான்."

பெங்கோ டீச்சரைப் பார்த்தான். டீச்சர் மேஜையைப் பார்த்தாள்.

"அக்கா," என்றான் பெங்கோ மெதுவாக, "உங்களுக்குத் துப்பாக்கி கிப்பாக்கியெல்லாம் பிடிக்கத் தெரியாதுல்ல?"

"ஏன் தெரியாது? எங்கப்பா வேட்டைக்காரர். பதினஞ்சு வயசுல காட்டுப்பன்னி சுட்டிருக்கேன். ஒரே குண்டு."

"நல்லது. ரொம்ப நல்லது. மானோல் மேல உங்களுக்கு ஒண்ணும் கோபம்..."

"அவன் விளங்கவே கூடாதுன்னு ஒன்பது வருஷமா சாபம் விட்டேன். கூரை ஒழுகி என் கட்டில்ல சொட்டுது, ரிப்பேர் பண்ணுடான்னா காசு இல்லம்பான். முற்றத்துல நின்னு எல்லாரும் கேக்கத்தான் திட்டினேன். எனக்கென்ன பயம்?"

"போதும்க்கா. இன்னும் ரெண்டு வார்த்தை பேசினீங்கன்னா நானே உங்களைப் பிடிச்சுக் குடுக்க வேண்டியிருக்கும்."

சொன்ன பிறகுதான் அது ஜோக் இல்லை என்று அவனுக்கு உறைத்தது. பொம்பளை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாள், அது அவளுக்குத் தெரியவும் இல்லை. கணக்கு சரி என்றால் குண்டு அந்த ஜன்னலிலிருந்துதான் வந்தது. புருஷன் நிலவறையில் இருந்தார் என்றால் அங்கே மிச்சம் இருந்தது யார்?

"இதையெல்லாம் போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள் செவ்தா.

"போனேன். பொண்டாட்டி சாட்சி எதுக்கும் ஆகாது, வீட்டுக்குப் போங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"புண்ணியவான்கள்," என்றான் பெங்கோ. மனதாரத்தான் சொன்னான்.

செவ்தா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "கணக்குல தப்பு இல்ல. அளவுல இருந்தா உண்டு. நூலைக் கட்டி நாமளே அளந்துடுவோம். வண்டியை எடு."

*

முற்றத்தில் கொட்டகை இல்லை. மேஜையும் இல்லை. அவை நின்ற இடத்தில் ஒரு பெரிய அண்டாவில் தக்காளியும் மிளகாயும் கொதித்துக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு அம்மாள் ஒருத்தி துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கொட்டகை எங்கே போச்சு?" என்று கேட்டான் பெங்கோ.

"பிரிச்சாச்சு. பிளாக் கூட்டத்துல முடிவு பண்ணினோம். செத்தவன் நின்ன இடத்துல எவ உக்காந்து மிளகாய் வாட்டுவா? தகரத்தை இரும்புக்கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"மேஜை?"

அவள் கரண்டியால் அண்டாவின் அடியைக் காட்டினாள். "அந்தா, எரியுது."

பெங்கோ மண்டிபோட்டு நெருப்புக்குள் எட்டிப் பார்த்தான். மேஜைக்கால் ஒன்று பாதி கரியாகிக் கிடந்தது. "குண்டு ஓட்டை இருந்த பலகை?"

"அது நேத்தே எரிஞ்சிடுச்சுப்பா. காஞ்ச மரம், நல்லா நின்னு எரிஞ்சுது. ஏன், வேணுமா?"

கொலை வழக்கின் ஒரே சாட்சியை மூட்டி ஊரே சட்னி கிண்டுகிறது. கோபப்படக்கூட யாரும் அகப்படவில்லை. பெங்கோ செவ்தாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஆறாம் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் தொங்கப் போட்டு நின்றாள். பரீட்சைத் தாளைத் தொலைத்துவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது அவள் நின்ற நிலை. அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

காரின் பின் சீட்டில் பெத்ரானா பானையோடு உட்கார்ந்திருந்தாள். "அளந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

பெங்கோ வண்டியைக் கிளப்பினான். மணி பத்தரை.

"சர்வேயர் இருக்கானே," என்றான் பெங்கோ. "மேஜை எரிஞ்சா என்ன, அவன் எரியலியே."

*

சர்வேயர் ரங்கெல் தடித்த ஆள், காலர் பட்டன் போடாதவர். காப்பிக் கோப்பைக்கு அடியில் யாருடைய திராட்சைத் தோட்டத்து வரைபடமோ கிடந்தது.

"நான் எழுதினா எழுதினதுதான்," என்றார் முறைப்பாக. "என் அளவுல தப்புன்னு இதுவரைக்கும் ஒரு பய சொன்னதில்ல. இந்தா, நோட்டே பேசும்." இழுப்பறையிலிருந்து களநோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிப் போட்டார்.

போலீசுக்குக் கொடுத்த தாளில் இரண்டே எண்கள்தான். நோட்டில் முழுப் படமும் இருந்தது. ஒரு செங்கோண முக்கோணம், மூன்று மூலையிலும் மூன்று கோணம், சின்னச் சின்ன எழுத்தில். செவ்தா குனிந்தாள். மூலை ஒவ்வொன்றாக அவள் விரல் நகர்ந்தது. மூன்றாவது மூலையில் விரல் நின்றுவிட்டது.

"நாப்பது. அறுபது. நூறு," என்று படித்தாள். "இருநூறு வருது."

"ஆமா, இருநூறு."

"முக்கோணத்துல மூணு கோணமும் சேர்ந்தா நூத்தியெண்பதுதான்."

"ஹோட்டல் பில் மாதிரி சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பாரு, டீச்சர்," என்றான் பெங்கோ.

ரங்கெல் சிரித்தார். "அது பள்ளிக்கூடத்து முக்கோணம். எங்க முக்கோணத்துக்கு இருநூறு. நாங்க டிகிரியில அளக்கிறதில்லம்மா, கிராட்ல. முழு வட்டம் நானூறு, செங்கோணம் நூறு. கருவியிலேயே அப்படித்தான் போட்டிருக்கு. இந்த நாட்டுல எந்த சர்வேயரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்."

"தாள்ல அதுக்கு ஒரு குறிகூடப் போடலியே நீங்க."

"எதுக்குப் போடணும்? இருபத்தஞ்சு வருஷமாப் போட்டதில்ல. என் தாளை என் ஆளுங்கதான் பாப்பாங்க. கணக்கு டீச்சர் வந்து பாப்பாங்கன்னு நான் ஜோசியமா பார்த்தேன்?"

செவ்தா பென்சிலை எடுத்தாள். நூறு கிராட் தொண்ணூறு டிகிரி என்றால், நாற்பது கிராட் முப்பத்தாறு டிகிரி. அதற்கு டேஞ்சன்ட் 0.7265. பெருக்கினாள்.

14.53.

கயிறு விட்டு அளந்தவன் அவன்தானே? ஐந்தாம் மாடி ஜன்னல் 13.90-இல் தொடங்கி 15.30 வரைக்கும். ஜன்னலின் நட்டநடுவில் விழுகிறது. எதன்மேலும் சாய்க்காமல் நின்றுகொண்டு சுட்டிருக்கிறான் கலின். அவனுடைய வீடு, அவனுடைய ஜன்னல், அவனுடைய துப்பாக்கி. போலீஸ் முதலிலேயே பிடித்தது சரியான ஆளை. அவனை வெளியே விட்டது இவர்கள்.

"நாலு டிகிரி," என்றான் பெங்கோ. "நாலே நாலு டிகிரி, டீச்சர்."

"நாட்டுல எல்லா சர்வேயருக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியல," என்றாள் செவ்தா. "நாலு தடவை போட்டேன் பெங்கோ. நாலு தடவையும் சரியா வந்துச்சு."

ரங்கெலின் மேஜையிலிருந்தே ஸ்லதினாவுக்குப் போன் போட்டாள்.

"கலின் இருக்கானா?"

பெங்கோவின் காதிலும் விழுகிற அளவுக்கு அந்தப் பக்கம் சந்தோஷக் குரல். "எட்டு மணி பஸ்ல இஸ்தான்புல் போயிட்டான் டீச்சர்! அங்க வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். உங்க பேர்ல கோயில்ல மெழுகுவத்தி ஏத்தச் சொல்லிட்டுத்தான் கிளம்பினான். ஏத்திட்டு இப்பதான் வர்றேன். ஏன் டீச்சர்? என்ன விஷயம்?"

செவ்தா போனை வைத்தாள். மணி பதினொன்று. பஸ் எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

ரங்கெல் ஒரு தாளில் கிராட் விவகாரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை தேடினார். முத்திரை கிடைத்தது, மை காய்ந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து மை வாங்கிவர முக்கால் மணி நேரம். பெங்கோவுக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

விஷயம் கேட்டதும் பெத்ரானா சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் சொன்னேன்ல! அப்போ ஹரலம்பியை விட்டுடுவாங்க. மிளகாய்க்குள்ள சோறும் கறியும் வச்சு சமைச்சிருக்கேன். ஆறிடப் போகுது, சீக்கிரம் ஓட்டு தம்பி."

பெங்கோ ஓட்டினான். இரண்டு சிக்னலை மதிக்கவில்லை.

*

போலீஸ் அதிகாரி மிலூஷ் ரங்கெலின் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா டீச்சர்? அந்த ஆள் நேத்து சாயங்காலமே ஒத்துக்கிட்டான். கையெழுத்து வாங்கி அரசு வக்கீலுக்கு அனுப்பியாச்சு."

"செய்யாததை எப்படி ஒத்துக்குவாரு?" என்று கத்தினான் பெங்கோ. "அடிச்சீங்களா?"

"அதட்டக்கூட இல்லப்பா. முதல் நாள் பூரா நான் இல்ல, நிலவறையில இருந்தேன்னு ஒரே சாதிப்பு. சரின்னு உங்க தாளைக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது." மிலூஷ் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "நாப்பது வருஷம் ஃபேக்டரியில லேத் ஓட்டினவன். பென்சில் கேட்டான். கணக்கு டேபிளைப் பாக்காமலே டேஞ்சன்ட் சொல்றான்யா மனுஷன். போட்டான், பெருக்கினான், பார்த்துட்டே உக்காந்திருந்தான். ஒரு மணி நேரம் வாயே திறக்கல. அப்புறம் 'நான்தான் சுட்டேன், எழுதிக்குங்க'ன்னான்."

காகிதத்தில் அதே முக்கோணம். செவ்தா போட்டதைவிடச் சுத்தமான கோடு. இருபது, நாற்பது டிகிரி, 16.78. கீழே கையெழுத்து.

பெங்கோவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தான் நிலவறையில் இருந்தது ஹரலம்பிக்குத் தெரியும். குண்டு தன் வீட்டு ஜன்னலிலிருந்துதான் வந்தது என்று கணக்கு சொல்லிவிட்டது. அந்த வீட்டில் அப்போது இருந்தது ஒரே ஒரு ஆள், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவள், மானோலை ஒன்பது வருஷமாகச் சபித்தவள்.

பெத்ரானாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "கூப்பிடுங்க அவரை," என்றாள்.

ஹரலம்பியைக் கூட்டிவந்தார்கள். ஒல்லியான மனிதர், விலங்கு மணிக்கட்டில் தொளதொளவென்று கிடந்தது. மனைவியைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேனே!"

செவ்தா அவர் முன்னால் போய் நின்றாள். "தப்பு என்னோடது. அது டிகிரி இல்ல, கிராட். நாப்பது இல்ல, முப்பத்தாறு. நீங்களே போட்டுப் பாருங்க."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் பென்சில்கூடக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பூஜ்யம் புள்ளி ஏழு ரெண்டு ஏழு... பதினாலரை." நிமிர்ந்தார். "அது அஞ்சாவது மாடி."

"ஆமா."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பெத்ரானா, அப்போ நீ இல்ல!"

"எதுல நான் இல்ல?" என்றாள் அவள்.

அவள் மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், பெங்கோவைப் பார்த்தாள். காலையில் அவன் கேட்ட கேள்வியெல்லாம் இப்போதுதான் அவளுக்கு அர்த்தமாயிற்று. பானையை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"நாப்பத்தொரு வருஷம்," என்றாள். "நிலவறையிலேர்ந்து மேல வந்தப்போ மிளகாய் உரிச்சுட்டுத்தானே இருந்தேன்? உன்னைப் பிடிச்சுட்டுப் போற வரைக்கும் ஒரே கட்டில்லதானே படுத்திருந்தோம்? நீயா செஞ்சேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டு அனுப்பத் தோணலியா உனக்கு?"

"கணக்கு சரியா வந்துச்சு பெத்ரானா," என்றார் ஹரலம்பி. "நானே போட்டுப் பார்த்தேன்."

செவ்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயில் வேனை நிறுத்த முடியாது என்று மிலூஷ் சொன்னார். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைக் கிழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சர்வேயர் தாளை மேலே அனுப்புவாராம். கோர்ட் பார்க்குமாம். கொட்டகையும் இல்லை, மேஜையும் இல்லை, கலினும் இல்லை. ஆகவே நாள் ஆகும். எத்தனை நாள் என்று பெங்கோ கேட்டான். மாசக்கணக்கில் ஆகும் என்றார். மனிதர் நல்லவர்தான், சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

சரியாக ஒரு மணிக்கு வேன் கிளம்பியது. கம்பி ஜன்னல் வழியாக ஹரலம்பி எதையோ சொன்னார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பெத்ரானா கையசைக்கவில்லை. வேன் போன திசையைப் பார்க்கவும் இல்லை. படியிலேயே நின்றுகொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்துப் பெங்கோவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அந்த மனுஷனுக்குப் பிரஷர் மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் எடுத்துக் குடுக்கலேன்னா மறந்துடுவாரு. அங்க யார்கிட்ட சொல்லணும்?"

பெங்கோ அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மிலூஷின் அறைக்குப் படியேறினான்.